யூனிக்ஸ் பெட்டிக்கு பிரவுசர் தேடிய மார்கழி

மூன்று நாள் ஒரு நிரபராதியை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டாலும் அதற்குக் காது கிடையாது. அது ஒரு பழைய யூனிக்ஸ் கம்ப்யூட்டர்.

இரண்டாயிரத்துக்குச் சற்றுப் பிந்திய ஒரு டிசம்பர். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சேலை நிறுவனத்தில் எனக்கு வேலை. சேலை பார்டரைத் திரையில் வரைவதற்காக முதலாளி யாரிடமோ பழையதாக வாங்கிப்போட்ட பெட்டி அது. எடை ஆட்டுக்கல், வேகமும் அப்படித்தான். ("யூனிக்ஸ் தெரியுமா தம்பி?" என்று வேலைக்கு எடுக்கும்போது கேட்டார். "அதுல தூங்கி எழுந்தவன் சார்" என்றேன். தூங்கியது மட்டும் நிஜம்.)

சிங்கப்பூர்க் கடைக்காரர் ஒருவர் புது பார்டரில் நாற்பது சேலை கேட்டிருந்தார். டிசைனை அவருடைய இணையதளத்தில் ஏற்றி, வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் ஆர்டரை உறுதிசெய்ய வேண்டும். தவறினால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும். ஆறு தறி சும்மா நிற்கும். புதன்கிழமை தளத்தைத் திறந்தேன். பாதுகாப்பில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தியது பிரவுசர்.

"பிரவுசர் கிழடாயிடுச்சி முதலாளி. புதுசு போட்டா ஓடும்" என்றேன், நாடி பிடித்த டாக்டர் மாதிரி. "இல்லன்னா பிரவுசிங் சென்டர்ல போய் ஏத்திடறேன்."

"அங்க எடுத்துக்கினு போவாதபா! காலையில ஏத்துனா சாயந்தரம் எவன் தறியிலயாவது நம்ம பார்டர் ஓடும்."

ஆக, பெட்டிக்கே பிரவுசர் தேட வேண்டும். ஆனால் பெட்டியைச் செய்தவர்களே அதைக் கைகழுவிவிட்டிருந்தார்கள். ஆபீஸ் டெலிபோன் லைனில் பெரிய கோப்பு எதுவும் இறங்காது. சென்டரில் உட்கார்ந்து தேடினால், விண்டோஸுக்கு அள்ளிக் கொடுத்த தளமெல்லாம் எங்கள் யூனிக்ஸ் பெயரைக் கேட்டதும் கல்யாண வீட்டில் கடன் கேட்டவனைப் போல் பார்த்தன. கடைசியில் ஏதோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் மூலையில், ஒரு புண்ணியவான் எங்கள் பெட்டிக்கென்றே பாதுகாப்புத் திருத்தங்களோடு ஒரு பிரவுசரைத் தயாரித்து வைத்திருந்தார். பதினான்கு பிளாப்பியில் துண்டு துண்டாக எடுத்துவந்தேன். ஒன்பதாவது செத்திருந்தது. மறுபடி சைக்கிள், மறுபடி சென்டர்.

வெள்ளி மதியம் மூன்றரைக்குப் புது பிரவுசர் ஏறியது. தளத்தைத் திறந்தேன். அதே கதவு, அதே பூட்டு.

"இன்னாபா, தூங்கி எழுந்தவனே! இன்னும் எழுந்திருக்கலியா?" என்றார் முதலாளி.

பக்கத்து மேஜையில் டிசைன் அட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள். "அண்ணா, எனக்கு இன்னும் கிறிஸ்துமஸ் லீவே வரல. உங்க மிஷின்ல பொங்கலே முடிஞ்சிடுச்சே!"

திரையின் மூலையில் ஜனவரி இருபத்தொன்று.

முந்தின வாரம், மார்கழியில் புது டிசைன் தொடங்கமாட்டேன் என்று முதலாளி அடம்பிடித்தார். "விடுங்க முதலாளி, மிஷினுக்குத் தை பொறக்க வெச்சிடறேன்" என்று தேதியைத் தள்ளி, அந்தச் சாமர்த்தியத்துக்காக அவரிடமே காபியும் வாங்கிக் குடித்தவன் நான். திருப்பி வைக்க மறந்தவனும் நானே. சிங்கப்பூர்க்காரர் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் டிசம்பரோடு முடிகிறது. ஜனவரியில் உட்கார்ந்திருந்த பெட்டி, அதைக் காலாவதி என்று ஒழுங்காகத்தான் விரட்டியிருக்கிறது.

தேதியைத் திருத்தினேன். கதவு திறந்தது. டிசைன் ஊர்ந்து ஊர்ந்து ஏறியது. நாலு ஐம்பத்திரண்டுக்கு ஆர்டர் உறுதியானபோது மூன்று பேரும் விட்ட பெருமூச்சில் மேஜையிலிருந்த கிராஃப் தாள் பறந்தது.

"பாதுகாப்புக்கு எப்பவும் புது பிரவுசர் நல்லதுதான் முதலாளி" என்று முனகினேன்.

"பெட்டிக்குப் பாதுகாப்பு வேணும்னா உன் கையைத்தான்பா கட்டி வெக்கணும்."

அதோடு விட்டாரா? என் கல்யாணத்தில் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, "முகூர்த்தம் ஐயர் குறிச்சதா, மாப்பிள்ளை குறிச்சதா? ஐயர்னா உக்காருறேன்" என்றார். மணமேடையில் என் மனைவி விசாரித்துத் தெரிந்துகொண்ட முதல் கதை அது. இன்றும் எங்கள் வீட்டில் தினசரி காலண்டர் தாளைக் கிழிக்கும் உரிமை என் மகளுக்குத்தான். என்னை அந்த ஆணி பக்கமே விடுவதில்லை.