திஷாலினி பெரட்டில் பதில் சொல்லவில்லை

கோல சிலாங்கூர்,
புதன்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்கா புஷ்பவள்ளி அவர்களுக்கு,

தம்பி சசிகுமார் வணங்கி எழுதுவது. நீங்களும் மகனும் மருமகளும் புக்கிட் பெருந்துங்கில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நாங்கள் மூவரும் நலம் என்றுதான் முறைப்படி எழுத வேண்டும், எழுதிவிட்டேன், ஆனால் அது உண்மையில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நீங்கள்தான் பேசுகிறீர்கள் அக்கா, எனக்கு முறை வருவதற்குள் பாட்டரி தீர்ந்துவிடுகிறது. அதனால் பக்கத்து வீட்டுத் தீபனின் லோரியில் கொடுத்து அனுப்பப் போகிறேன். வெள்ளிக்கிழமை அவன் அந்தப் பக்கம் வருகிறான்.

விஷயம் இதுதான். என் மகள் திஷாலினியைப் பாலர் பள்ளியில் சேர்த்ததும் உங்களுக்குத் தெரியும், அவள் அம்மா தனேஸ்வரிக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் தெரியும். வருகிற திங்கட்கிழமை அவள் வேலைக்குச் சேர வேண்டும். பிள்ளை பிறந்ததிலிருந்து ஐந்து வருடமாக வீட்டோடு இருந்தவள், தொழிற்சாலையில் கொடுத்த நீலச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வைத்துக்கொண்டு, போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டுப் பார்க்கிறாள். பிள்ளை பள்ளியில் நிலைத்தால்தான் இவள் வேலைக்குப் போக முடியும். பிள்ளையோ நிலைக்கிற மாதிரி தெரியவில்லை.

இத்தனைக்கும் பயிற்சியில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஒரு மாதம் முன்பே நீங்கள் சொன்னீர்களே, “டீச்சர் பேரு கூப்பிட்டா வாயத் தொறந்து பதில் சொல்லணும், அத மொதல்ல பழக்குடா” என்று. பெயர் கூப்பிடுவதைப் பற்றி எனக்கா சொல்ல வேண்டும்? பதினோரு வருடமாக மண்டோர் வேலை பார்க்கிறவன், தினமும் விடியற்காலையில் செம்பனைத் தோட்டத்துப் பெரட்டில் முப்பத்தெட்டு பேரை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிறவன். ஆகவே வீட்டிலும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பெரட்டு வைத்தேன். கார் நிறுத்துகிற இடத்தில் பிள்ளை, தனேஸ்வரி, ஒரு பொம்மைக் கரடி, காது போன ஒரு முயல், நால்வரும் வரிசை. தோட்டத்துச் சட்டம்தான் இங்கும். மூன்று தடவை கூப்பிடுவேன், பதில் வராவிட்டால் வேலை இல்லை, வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். தனேஸ்வரி அடுப்படிக்கும் வரிசைக்கும் ஓடி ஓடி “இருக்கேன்யா இருக்கேன், குழம்பு தீயுது” என்று பதில் சொன்னாள். கரடியும் முயலும் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை, ஆகவே சட்டப்படி தினமும் வீட்டுக்கு அனுப்பப்பட்டு சோபாவில் டிவிக்கு எதிரே படுத்துக் கிடந்தன. பிள்ளை மட்டும் “இருக்கேன்பா!” என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். கடைசி இரண்டு நாள் அவளும் பேசாமல் நின்று, நான் அனுப்பியதும் ஓடிப்போய்க் கரடி பக்கத்தில் படுத்துக்கொண்டாள். களைப்பு என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை பள்ளி திறந்தது. லோகேஸ்வரி டீச்சர் பெயர் கூப்பிட்டார், நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். திஷாலினி என்று ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை, எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள், சத்தமே இல்லை. மூன்றாவது தடவை முடிந்ததும் எழுந்து, பையை மாட்டி, சப்பாத்தை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, நேராக கேட்டுக்குப் போய் நின்றுகொண்டாள். டீச்சர் தூக்கி வந்து உட்கார வைத்தார். செவ்வாய்க்கிழமையும் இதே கூத்து. டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “காது கீது செக் பண்ணிப் பாருங்க சார்” என்றார். இன்று லீவு போட்டு, பள்ளி விட்டதும் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். காதில் ஒன்றுமில்லை என்றார்கள். திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்கார்ந்துகொண்டு, ரொட்டி சானாய் வேண்டும், ஐஸ் மைலோ வேண்டும், அந்த நர்ஸ் அக்கா ஏன் சிரிச்சாங்க என்று வீடு வரைக்கும் வாய் மூடவில்லை.

டீச்சர் நல்ல மாதிரிதான். “வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்போம் சார், இல்லாட்டி அடுத்த வருசம் சேத்துக்கலாம் லா” என்றார். நான் வந்து சொன்னதும் தனேஸ்வரி அந்த நீலச் சட்டையை மடித்து அலமாரிக்குள் வைத்துவிட்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது, அக்காவிடம் சொல்வதில் என்ன வெட்கம்.

ஆகவே நீங்கள்தான் வந்து ஒரு வருடம் எங்களோடு இருந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏர்கான் போட்ட அறை உங்களுக்குத்தான். மருமகள் சமையல் வாயில் வைக்க முடியவில்லை என்று போன தடவை சொன்னீர்களே, அதையும் யோசித்துத்தான் கேட்கிறேன். உடனே புறப்படுங்கள். உங்கள் மகனுக்கு என் ஆசிகளும் மருமகளுக்கு என் அன்பும். எல்லாரையும் முருகன் காக்கட்டும், என்னையும் சேர்த்து.

இப்படிக்கு உங்கள் அன்புத் தம்பி,
சசிகுமார்.

பி.கு.: வெள்ளிக்கிழமை காலை. அக்கா, வர வேண்டாம். நேற்று தலை சீவும்போது தனேஸ்வரி கேட்டிருக்கிறாள், “ஏன்டி ஸ்கூல்ல வாயே தொறக்க மாட்டேங்குற?” என்று. “பதில் சொல்லலன்னா வீட்டுக்கு அனுப்பிருவாங்கன்னு அப்பாதானே சொன்னாரு. டீச்சருக்கு ரூல்ஸே தெரியலம்மா, மூணு நாளா அனுப்பவே இல்ல.” தனேஸ்வரி என்னைப் பார்த்த பார்வையைக் கடிதத்தில் எழுத முடியாது. அவளே பள்ளிக்குப் போய் டீச்சரிடம் சொல்ல, டீச்சர் சிரித்துவிட்டு, இன்றைக்கு நீயே கூப்பிடு என்று பிள்ளையை முன்னால் நிறுத்தியிருக்கிறார். மூன்று நாள் வாய் திறக்காமல் உட்கார்ந்து கேட்டவள், இருபத்தொரு பேரையும் மனப்பாடமாகக் கூப்பிட்டாளாம். ஷர்வின் என்று ஒரு பையன் அழுதுகொண்டே பதில் சொல்லாமல் இருக்க, அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். டீச்சர் ஓடிப்போய் கேட்டில் பிடித்திருக்கிறார்.

நீலச் சட்டை மறுபடி வெளியே வந்துவிட்டது. உங்கள் மருமகள் சமையலும் அவ்வளவு மோசமில்லை, போன தைப்பூசத்தில் நானே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

இன்று தோட்டத்தில் பெரட்டை முடித்துவிட்டு, பிள்ளையைப் பள்ளியில் விட வீட்டுக்கு வந்தேன். சீருடையோடு வாசலில் நின்று எங்களுக்குப் பெரட்டு வைத்தாள். “தனேஸ்வரி!” “இருக்கேன்மா.” “சசிகுமார்!” நான் அந்தச் சீருடையையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று தடவை கூப்பிட்டாள், என்னால் வாய் திறக்க முடியவில்லை. “அப்பா, நீங்க வீட்டுக்குப் போங்க” என்று சொல்லிவிட்டு, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். நான் திரும்பத் தோட்டத்துக்குப் போகவில்லை. சோபாவில் கரடிக்கும் முயலுக்கும் நடுவில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.