மேகத்துக்குப் போன காடு

ஒரு காட்டில் பதிவேடு என்று தனியாக எதுவும் கிடையாது. வேதவல்லி என்ற யானைதான் பதிவேடு. எந்த வளை யாருடையது, எந்தச் சுனையில் யார் எந்தக் கிழமை தண்ணீர் குடிக்கலாம், போன பங்குனியில் யார் யாரைக் கடித்தார்கள், எல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. நாவல் மரத்தடியில் போய் நின்று கேட்டால் தழையை மென்றுகொண்டே சொல்லிவிடுவாள்.

அந்தக் காட்டின் சிங்கராஜா ஒருமுறை ராஜாக்கள் மாநாட்டுக்குப் போனார். அங்கே பக்கத்துக் காட்டுப் புலி, "உங்க காடு மேகத்துக்குப் போயாச்சா?" என்று விசாரித்தது.

மேகம் என்றால் என்னவென்று சிங்கத்துக்குத் தெரியாது. "பாதி போயாச்சு" என்று சொல்லிவைத்தார்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக, மலையுச்சியில் மேகச் சேவை நடத்திவந்த சம்பந்தம் என்ற கழுகை வரவழைத்தார்.

"உங்கள் தகவல் எல்லாம் இனிமேல் மேலே இருக்கும், மகாராஜா" என்றார் சம்பந்தம்.

"மேலேன்னா எங்கே?"

"மேலேன்னா மேலேதான், மகாராஜா."

சபை கைதட்டியது. பொன்னம்பலம் என்ற முள்ளம்பன்றி மட்டும் எழுந்து நின்றான். "நாம எதுக்குப் போறோம்னு முதல்ல முடிவு பண்ணிக்கலாமே, மகாராஜா."

"முதல்ல போவோம். எதுக்குன்னு அங்கே போனா தெரியும்" என்றார் ராஜா.

நாற்பது நாள் வேதவல்லி சொல்லச் சொல்ல, மூன்று கிளிகள் மனப்பாடம் செய்து மலைக்குக் கொண்டுபோயின. நாற்பத்தோராம் நாள் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அது அவளுடைய ஒரு காதைத்தான் மூடியது.

"இனிமே நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள்.

"ஓய்வெடுங்கம்மா" என்றார்கள். தும்பிக்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு மூங்கில் காட்டுப் பக்கம் போய்விட்டாள்.

கிளிகளுக்கு ஒரு குணம் உண்டு. பிடித்த சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும்; பிடிக்காததை விட்டுவிடும். 'உடும்பு' என்ற சொல் அவற்றுக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. புது முறை தொடங்கிய வாரமே காட்டின் பாதி வளைகள் உடும்பின் பெயரில் ஏறிவிட்டன. பொன்னம்பலத்தின் வளையும் அதில் ஒன்று. உடும்பு சான்றிதழோடு வாசலில் வந்து நின்றது.

"எனக்கே ஆச்சரியமாத்தான் இருக்கு, அண்ணே. ஆனா மேகத்துலயே சொல்லிட்டாங்களே!"

நல்ல மழைக்காலம். பொன்னம்பலமும் மனைவியும் இரண்டு குட்டிகளும் பாறை இடுக்கில் ஒருவர் முள் ஒருவரைக் குத்த ஒண்டிக்கொண்டார்கள். குட்டிகள் இருமின. விடிந்ததும் அவன் மேகத்துக்கு ஒரு புகார் எழுதிக்கொண்டு, படிவம் வாங்கும் குரங்கிடம் ஓடினான்.

"வளையோட முகவரி எழுதலையே" என்றது குரங்கு.

"வளையைத்தான் பிடுங்கிட்டாங்களே!"

"அப்ப 'வளை இல்லாதோர்' படிவம் எழுதணும். அது தீர்ந்துபோச்சு."

நான்கு நாள் அலைந்து படிவத்தைக் கொடுத்தான். ஒன்பதாம் நாள் மேலிருந்து பதில் வந்தது: "அன்புடையீர், அந்த வளை தங்களுடையதே. இரண்டாவது குட்டி பிறந்த அன்று வலப்புறம் தாங்கள் தோண்டிய சிறு அறையும் தங்களுக்கே உரியது. உடும்பு உடனே வெளியேறவும்."

உடும்பு கும்பிட்டுவிட்டு வெளியேறியது. அடுத்தடுத்து எல்லோருக்கும் பிசகில்லாத பதில்கள் வந்தன. மேகத்தின் அறிவைக் காடே கொண்டாடியது.

பொன்னம்பலத்துக்கு மட்டும் ஒரு குடைச்சல். அந்தச் சின்ன அறையைப் பற்றி எந்தக் கிளியும் வாய் திறந்ததில்லையே? இரண்டு நாள் மலையேறினான். உச்சியில் 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது, பொறுத்தருள்க' என்று பலகை தொங்கியது. பலகைக்குப் பின்னால் குளத்தில் வேதவல்லி குளித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களாம்மா மேகம்?"

"சத்தம் போடாதே. கிளிங்க பண்ணின குளறுபடியில சம்பந்தம் வந்து என் கால்ல விழுந்துட்டார்."

"கீழே வந்துடுங்க. நான் ராஜாகிட்ட சொல்றேன்."

"எதுக்கு? கீழே இருந்தப்ப 'ஏ யானை'ன்னு கூப்பிட்டாங்க. இப்ப 'மதிப்பிற்குரிய மேகத்திற்கு'ன்னு எழுதுறாங்க" என்று முதுகில் தண்ணீரை வாரி ஊற்றிக்கொண்டாள்.

பொன்னம்பலத்தால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ராஜாவிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னான். ராஜா பிடரியைச் சொறிந்துகொண்டு யோசித்தார்.

"மேலேர்ந்து பதில் வர எத்தனை நாள் ஆகுது?"

"ஒன்பது நாள், மகாராஜா."

"கீழே இருந்தப்ப?"

"கேட்ட உடனே சொல்லிடுவாங்க."

"பாத்தியா? கேட்ட உடனே சொன்னா யாருய்யா நம்புவா?"

அந்த வாரமே ராஜா, காட்டின் ஒரே வைத்தியரான கரடியையும் மலைக்கு அனுப்பிவைத்தார்.

நீதி: உங்களை யாரும் மதிக்கவில்லையா? மேற்கொண்டு எதையும் கற்றுக்கொள்ள வேண்டாம். எட்டாத இடமாகப் பார்த்துக் குடிபோங்கள்.