தேதி போட்ட மாத்திரைகள்

பினாங்குத் துறைமுகத்தில் எங்கள் கிராணியாரைவிட உரக்கக் கத்தியது கப்பல் சங்கு ஒன்றுதான். கடலுக்கு அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்குப் பேச அவருக்குப் போன் எதற்கு, ஜன்னலைத் திறந்தால் போதாதா என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். எண்பதுகளில் நான் வேலை பார்த்த கப்பல் அலுவலகத்தில் அவர்தான் தலைமை எழுத்தர். மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் அதற்கும் திட்டு விழும்.

ஒருநாள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தவர் பாதி வார்த்தையில் நின்றார். வாய் கோணி, வலது கை தொங்கிவிட்டது. எல்லாம் இரத்த அழுத்தம் செய்த வேலை. இரண்டு மாதம் கழித்து, கால் இழுக்க இழுக்க வேலைக்கு வந்துவிட்டார்.

டாக்டர் சொன்னதை அவர் மனைவிதான் என்னிடம் சொன்னார். நாங்கள் அவரை அக்கா என்போம்.

"நல்ல மூளைன்னா, பிரஷர் ஏறும்போது ரத்தக் குழாய் தானா சுருங்கித் தடுத்துக்குமாம் தம்பி. அடிபட்ட மூளைக்கு அந்தத் தெம்பு இல்லையாம். ஏறுற பிரஷர் நேரா உள்ள போய் அடிக்குமாம். மாத்திரைய ஒருநாளும் விடக் கூடாதுன்னுட்டாரு."

அன்றாடம் மாத்திரையைக் காகிதத்தில் மடித்து அக்கா கொடுத்தனுப்புவார்.

கிராணியாரோ, பிழைத்ததற்கு நன்றியாகத் தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டார். தைப்பூசம் வரை ஒரு மாத விரதம். விரதத்தில் மாத்திரை கூடாது என்பது அவரே போட்ட சட்டம். வந்த பொட்டலத்தைப் பிரிக்காமல், மேலே தேதி எழுதி, மேசை டிராயரில் ஃபைல் மாதிரி வரிசையாக அடுக்கினார்.

"என்ன அண்ணே இது?"

"பூசம் முடியட்டும்லா, மொத்தமா சாப்பிட்டுக்குவேன். வீட்டுல போய்ச் சொன்ன, உன்ன ஸ்டோருக்கு மாத்திருவேன்."

ஸ்டோரில் எலித் தொல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. என்னைக் கோழை என்று நீங்கள் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன்.

பூசத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது நாற்காலியிலிருந்து சரிந்தார். இந்த முறை பேச்சு அடியோடு போய்விட்டது. அவருடைய சாமான்களை எடுக்க வந்த அக்கா டிராயரைத் திறந்தார். பொட்டலங்களை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் அக்கா கேட்டார்.

"மாத்திரைய நிப்பாட்டினது உங்களுக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியாதுக்கா."

கிராணியார் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு நல்ல கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். பேச்சு இருந்திருந்தாலும் அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார். அவ்வளவு பிரியம் அவருக்கு என் மேல். அந்தக் கையை விட்டு எழுந்திருக்க எனக்கு வெகுநேரம் மனம் வரவில்லை.