பெற்றோர் தயார்நிலைப் படிவம், எண் 7-ஆ

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு உண்டு. அது கடைசியில் வழங்கப்படும். அதுவரை வாசகர்கள் வரிசையில் அமைதியாக நிற்கவும். இடையில் சிரிப்பவர்களின் விண்ணப்பம் பரிசீலிக்கப்படமாட்டாது.

எப்சம் என்னும் புறநகரில் வசிக்கும் இராசரத்தினம், பிறருடைய விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பும் உத்தியோகத்தில் இருபது ஆண்டு மாசற்ற சேவை புரிந்தவர். மகள் சோபனாவுக்கு ஐந்து வாரத்தில் மருத்துவ நுழைவுத் தேர்வு. அதில் கால்பங்கு உளவியலும் சமூகவியலும். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. கால்மணிக்கொரு தரம் அறைக்குள் வந்துவிடுவார்.

“உதென்ன பிள்ளை படிக்கிறாய்?”

“மனுசர் ஏன் கூட்டத்தோட சேர்ந்து பிழை விடுகினம் எண்டு, அப்பா.”

“அதுக்குப் புத்தகம் ஏன்? எங்கட சங்கக் கூட்டத்துக்கு ஒருக்கா வந்தால் காணும். வை அதை. பிஸிக்ஸை எடு.”

இப்படியே போனால் கால்பங்குத் தேர்வு கைவிட்டுப் போகும். சோபனா ஒன்பதாம் அத்தியாயத்தைத் திறந்தாள். அதிகாரத்தின் தோற்றம் இருந்தால் போதும், படித்தவர்களும் காரணம் கேட்காமல் கீழ்ப்படிவார்கள் என்றது புத்தகம். அவள் புத்தகத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். லேப்டாப்பைத் திறந்தாள்.

மறுநாள் இராசரத்தினத்துக்கு ‘வருங்கால மருத்துவர் பெற்றோர் தயார்நிலைப் பிரிவி’லிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பிள்ளை உளவியல், சமூகவியல் படிக்கும் நேரத்தில் பெற்றோர் அறைக்குள் நுழையலாகாது. நுழைய விரும்பின் மூன்று வேலைநாளுக்கு முன் எழுத்தில் விண்ணப்பிக்கவும். பெற்றோர் எந்நேரமும் கழுத்தில் ‘இரண்டாம் தரப் பெற்றோர், தற்காலிகம்’ என்னும் அட்டையை அணிந்திருக்கவும்.

அவர் விண்ணப்பித்தார். நீல மையில் கையொப்பமிட்டிருந்ததால் நிராகரிக்கப்பட்டது.

“சரோஜா, இது நல்ல ஒழுங்கான இடம்,” என்றார் மனைவியிடம், உளம் குளிர்ந்து. “நானும் நீல மையெண்டால் திருப்பித்தான் அனுப்புவன்.”

“அட்டையோட படுக்காதேங்கோ. குத்துது,” என்றார் சரோஜாதேவி.

அட்டையோடு கடைக்குப் போனவரைச் சிவனேசன் பார்த்துவிட்டார். மலேசியாக்காரர். அவர் மகன் ஜஸ்வினுக்கும் அதே தேர்வு.

“என்னண்ணே இது? எங்களுக்கு வரவே இல்லை லா. வேண்டிய ஆளுங்களுக்கு மட்டும்தான் கொடுக்குறானுங்களா?”

“இது எல்லாருக்கும் கிடைக்காது,” என்றார் இராசரத்தினம், பெருந்தன்மையோடு படிவத்தை அவருக்கு அனுப்பியபடி.

ஒரே வாரத்தில் இருபத்தாறு குடும்பங்கள் அட்டை அணிந்தன. வேதவள்ளி என்கிற தாயார் முதல் தரத்துக்குப் பதவி உயர்வு கோரி, தன் எம்.எஸ்ஸி. சான்றிதழை இணைத்திருந்தார். சோபனா கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகப் படித்தாள்.

அதற்குள் அயலூரான ஒனிஹங்காவில் ஒரு மண்டபம் பிடித்துப் பெற்றோர் கூடிவிட்டார்கள். பிரிவு மிகவும் தளர்வாக நடக்கிறது என்று கண்டனம் தெரிவித்துத் தாங்களே ஒரு குழு அமைத்தார்கள். செயலாளர் இராசரத்தினம். முதல் உத்தரவு: பிள்ளைகளும் அட்டை அணிய வேண்டும், கைபேசியைச் செயலாளரிடம் ஒப்படைக்க வேண்டும். கடிதத்தை அவரே கொண்டுவந்து நீட்ட, சோபனா அட்டையை மாட்டிக்கொண்டு கைபேசியைக் கொடுத்தாள்.

இரண்டாம் உத்தரவு: பெற்றோருக்கும் தேர்வு. கேள்வித்தாள் தயாரிக்கச் செயலாளர் கறுப்பு மையில் விண்ணப்பித்து, மூன்று வேலைநாள் பொறுத்து, முறைப்படி அறைக்குள் நுழைந்து புத்தகத்தைக் கேட்டார்.

“ஒன்பதாம் அத்தியாயம் மட்டும் வேண்டாம் அப்பா.”

அவர் நேரே ஒன்பதாம் அத்தியாயத்தைத் திறந்தார். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது:

‘படிவத்துக்குக் கீழ்ப்படிய எடுத்த நேரம். அப்பா: பதினொரு நிமிடம். சிவனேசன் அங்கிள்: நாற்பது. வேதவள்ளி அன்ரி: படிவம் போய்ச்சேர முன்பே. அனுப்பியது யார் என்று கேட்டவர்கள்: ஒருவருமில்லை. சோபனா: மூன்று செக்கன்.’

இராசரத்தினம் இரண்டு தரம் வாசித்தார்.

“சிவனேசன் நாற்பது நிமிசம் தாக்குப்பிடிச்சிருக்கிறான்,” என்றார் மெல்ல. பிறகு நிமிர்ந்தார். “அப்ப அந்தப் பிரிவில வேலை செய்யிறது நீயோ?”

“ஓம் அப்பா. நான் மட்டும்தான்.”

“எல்லாம் தெரிஞ்ச நீ ஏன் பிள்ளை அட்டையைப் போட்டனி?”

“குழுவின்ர கடிதத்தில முத்திரை இருந்தது அப்பா.”