பஸ்ஸுக்கு நான் போட்ட அடுப்பு

எனக்கு வயசு எண்பத்தொண்ணு. வளர்த்தது ஏழு பேர். (எட்டாவதாக ஒரு பஸ்ஸையும் வளர்த்தேன். அதிகம் படுத்தியது அதுதான்.) பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பினேனே தவிர, நான் எழுத்துக்கூட்டப் பழகினது ரொம்பப் பின்னால். மெதுவாகத்தான் எழுத வரும். அவசரக்காரர்கள் போய் வரலாம்.

அது உலகச் சண்டைக் காலம். பெட்ரோலை அளந்துதான் கொடுத்தார்கள். நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும் ஓடின எங்கள் ஒற்றை பஸ்ஸுக்கு அது நாலு நாள்கூடக் காணாது. மற்ற பஸ்காரர்கள் வண்டி முதுகில் இரும்பு அடுப்பு மாட்டி, கரி போட்டு, அந்தப் புகையில் ஓட்டினார்கள். எங்க ஊட்டுக்காரரும் கொல்லரிடம் சொல்லி ஒன்று மாட்டினார். எஞ்சினுக்குப் போக வேண்டிய புகை அத்தனையும் டிக்கெட் வாங்கினவர்கள் மூக்குக்குள் போனது.

"ஏனுங்க, அடுப்புன்னா என்னையக் கேக்க வேண்டாமுங்களா?" என்றேன்.

நெல்லுக் குதிரின் வாயைப் பூசுகிற மாதிரி, களிமண்ணும் சாம்பலும் குழைத்து மூடியைச் சுற்றிப் பூசச் சொன்னேன். புகை நின்றது. பஸ் மேடு ஏறியது. அன்றிலிருந்து அந்த ரோட்டுக்கே நான்தான் இஞ்சினீர். (எனக்கு மட்டும் தெரிந்த உத்தியோகம்.)

ஒரு நாள் வெண்ணந்தூர் பக்கம், மாட்டுவண்டிக்கு வழிவிடப் பின்பக்கமாக நகர்ந்த எங்கள் பஸ் புளியமரத்தில் மோதியது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. வண்டி முதுகு நசுங்கியது, அடுப்பு அப்பளம். பஸ் நின்றால் எங்கள் ஊட்டில் மட்டுமல்ல, டிரைவர் ஊட்டிலும் கண்டக்டர் ஊட்டிலும் உலை கொதிக்காது.

"இன்சூரன்ஸ் இருக்குது, பயப்படாத. கம்பெனி ஆளு வந்து பாப்பாரு. மோர் குடு. வாயை மட்டும் தொறந்துறாத செல்லாயி" என்றார் ஊட்டுக்காரர்.

சேலத்திலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் வந்தார். நசுங்கின அடுப்பைத் தடவிப் பார்த்தார். மூடியில் ஒட்டியிருந்த பூச்சைச் சுரண்டினார்.

"என்னமாப் பண்ணியிருக்கான்! வெள்ளக்காரன் மூளையே தனிங்க" என்றார்.

மோர்ச் சொம்பைக் கையில் பிடித்தபடியே நான் முன்னால் வந்தேன். ஊட்டுக்காரர் கண்ணைக் காட்டினார். நான் பார்க்கவில்லை. (பார்த்தேன்.)

"எந்த வெள்ளக்காரனுங்க? அவன் ஊட்டுல குதிர் இருக்குதுங்களா? பஸ்ஸு வாங்கி மூணு வருசங் கழிச்சு, நான் பக்கத்துல நின்னு பூச வெச்சதுங்க இது!"

"அப்ப வண்டியோட வந்ததில்லைங்களா அம்மா?"

"சத்தியமா இல்லீங்க!"

யாரும் கேட்காத சத்தியம் அது. அவர் எழுதிக்கொண்டார். மோரையும் குடித்துவிட்டுச் சொன்னார்: "வண்டியோட வந்ததுக்குத்தானுங்க கம்பெனி பொறுப்பு. பின்னால மாட்டினதை அப்பவே தனியா எழுதிக் குடுத்திருக்கோணும்."

கம்பெனி காசில் சேலத்துப் பட்டறையில் நசுங்கின முதுகை நிமிர்த்தி, சாயம் பூசிக் கொடுத்தார்கள். பஸ் கல்யாணப் பொண்ணு மாதிரி மின்னியது. ஓடுவதற்கு வேண்டிய அடுப்பு ஒன்றுதான் இல்லை. இரண்டு ஜோடி மாடு கட்டித்தான் ஊருக்கு இழுத்து வந்தோம். ராசிபுரம் சந்தைக்காரர்கள் கடையை விட்டு ஓடி வந்தார்கள்.

"ஏனுங்க, இந்த பஸ்ஸு பருத்திக்கொட்டை திங்குமுங்களா?" என்று ஒருத்தர் கேட்டார்.

ஊட்டுக்காரர் வழி முழுக்க என் பக்கம் திரும்பாமல் மாட்டை ஓட்டிக்கொண்டே நடந்தார். திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த அடுப்புக்கு இரும்பு கிடைக்க மூன்று மாசம் ஆனது. அதற்கும் நான்தான் நின்று பூசினேன். இந்தத் தடவை ஊட்டுக்காரர் கம்பெனிக்குத் தனியாக எழுதிக் கொடுத்தார். 'செய்தவர்' என்ற இடத்தில் கொல்லர் பேருக்குப் பக்கத்தில் என்னமோ எழுதினார். என்னவென்று கேட்டேன்.

"செல்லாயின்னு எழுதியிருக்கறேன். இனி எவன் வந்தாலும் நீ கத்த வேண்டியதில்ல."

பல வருசங் கழித்து நான் முதன்முதலாக எழுத்துக்கூட்டிப் படித்தது, ஊட்டில் வைத்திருந்த அந்தக் காகிதத்தின் நகலைத்தான்.

இப்பவும் எங்கள் ஊட்டில் யார் பெருமை பேசினாலும், "மோர்ச் சொம்பைக் கீழ வை" என்பார்கள். அதிகம் கேட்கிறவள் நான்தான்.

எழுதி முடித்தாயிற்று, பேரனைக் கூப்பிடுகிறேன். சாமி, இங்க வா. இதை ஒருக்காப் படிச்சுக் காட்டு. குதிர் மாதிரி பூசின எடத்தை மட்டும் சத்தமாப் படி, பக்கத்து ஊட்டுக்கும் கேக்கட்டும்.