ஓரடி குறைந்த வீடு

அடுத்தவன் வீட்டைப் பார்த்து வயிறு எரிவது ஊரில் எல்லோருக்கும் உள்ளதுதான். ஆனால் சொந்தச் சகலையின் வீட்டைப் பார்த்து எரிகிற வயிறு இருக்கிறதே, அது சொம்பு சொம்பாக மோர் குடித்தாலும் அடங்காது.

என் மனைவி கமலாவின் தங்கை புருஷன் தணிகாசலம். வாலாஜாபாத்தில் ரைஸ்மில் வைத்திருந்தான். எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூரில் ஏகாம்பரம் மேஸ்திரி, நடுச்சுவர் பொதுவாக, தளம் போட்ட மெத்தை வீடுகள் இரண்டு கட்டி விற்க ஆரம்பித்தார். ஒன்றுக்குத் தணிகாசலம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டான் என்று காதில் விழுந்த மறுநாளே, நெல் மண்டிக் கணக்குப்பிள்ளையான நான் கமலாவின் வளையல்களை அடகு வைத்து இன்னொன்றுக்கு அக்ரிமெண்ட் போட்டேன். (அவன் கோவணம் கட்டியிருந்தால் நானும் கட்டியிருப்பேன்.) வாடகை ஓட்டு வீட்டில் ஒழுகலுக்குக் குண்டான் வைத்தே அலுத்துப்போன கமலா மட்டும் நிஜமாகவே சந்தோஷப்பட்டாள்.

சுவர் எழும்ப எழும்ப, தினமும் போய்ப் பார்ப்பேன். என் வீட்டை அல்ல, அவன் வீட்டை. அவன் பக்கத்துச் செங்கல் கூடச் சிவப்பாகத் தெரிந்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல் இரண்டு கூடங்களையும் குதிகாலும் விரலும் ஒட்ட அடிமேல் அடி வைத்து அளந்தேன். என் பக்கம் ஓரடி குறைந்தது!

"யோவ் மேஸ்திரி! அவனுக்குப் பெருசு, எனக்குச் சிறுசா? இன்னாய்யா ஏமாத்திக்கினு கீறே?"

"ரெண்டும் ஒரே அளவுதான் சார். டேப்பு வச்சிக் காட்டட்டா?"

"உன் டேப்பும் வேணாம், வூடும் வேணாம். அட்வான்ஸைக் குடு!"

கமலா அழுதாள். நான் மசியவில்லை. வேறு ஆள் கிடைத்ததும் மேஸ்திரி பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். மண்டி முழுக்க என் சாமர்த்தியத்தைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தணிகாசலத்தின் கிரகப்பிரவேசத்துக்குப் போனால், நடுச்சுவரைக் காணோம். கூடம் கல்யாண மண்டபம் மாதிரி விரிந்து கிடந்தது.

"நீங்க வேணாம்னுட்டீங்களாமே அண்ணே, அதான் அதையும் நானே எடுத்துக்கினேன்" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்தப் பக்கம் ஓரடி கம்மி, தெரியுமில்ல?" என்றேன் சபையில்.

மேஸ்திரி நடுச்சுவர் இருந்த தடத்திலிருந்து இரண்டு பக்கமும் டேப்பை நீட்டி அளந்தார். இரண்டும் சமம். டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: "அன்னிக்குச் செருப்பு போட்டுக்கினா சார் அளந்தீங்க?"

அப்போதுதான் உறைத்தது. அன்று தணிகாசலம் பக்கம் வாசக்கால் வைத்துப் பூஜை போட்டாகியிருந்தது. மஞ்சள் குங்குமம் வைத்த வாசக்காலைச் செருப்போடு தாண்டலாமா என்று கழற்றிவிட்டு வெறுங்காலோடு போனேன். என் பக்கம் இன்னும் வாசக்கால் வைக்கவில்லை, அதனால் டயர் செருப்போடே நுழைந்துவிட்டேன். அந்தச் செருப்பு என் பாதத்தைவிட நன்றாகவே நீளம்; அடிக் கணக்கில் ஒன்று குறைந்துவிட்டது. கூடியிருந்த சொந்தபந்தம் மொத்தமும் என் காலைப் பார்த்தது.

நாங்கள் இன்னும் ஓட்டு வீட்டில்தான் இருக்கிறோம். தணிகாசலத்தின் பிள்ளைகள் அந்தப் பாதிக் கூடத்துக்கு 'பெரியப்பா வூடு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எப்போது அங்கே போனாலும் கமலா வாசலிலேயே என்னை நிறுத்துவாள்.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க. வூடு சின்னதாயிடப் போவுது."