ரிவால்வரே போதும்

விண்ணப்பத்தில் எல்லாம் எழுதியாகிவிட்டது. இரண்டு இடங்கள்தான் காலியாக இருந்தன. எந்த வகைத் துப்பாக்கி? யாரால் உயிருக்கு ஆபத்து?

ராஜசேகரன் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

"பிஸ்டல்னு போடு மாமா," என்றான் அவர் மனைவியின் தம்பி தமிழரசு. "ரிவால்வர்ல ஆறே குண்டு. பிஸ்டல்ல பத்துக்கு மேல போவும்."

"எத்தினி பேர்டா வரப்போறானுங்கோ? பிஸ்டல் நடுவுல சிக்கிக்கும். ரிவால்வர் நம்மூட்டு பழைய கிரைண்டர் மாதிரி. சுத்தும், வேலைய முடிக்கும்."

"மொதல்ல வாசல் கேட்ட ஒழுங்கா பூட்டுங்க," என்றாள் உள்ளிருந்து மனைவி தாட்சாயிணி. "திருடன் வரானோ இல்லியோ, தெனமும் மாடு உள்ள வருது."

அவளுக்குப் புரியாது. போன மாதம் அடுத்த தெருவில் சங்கிலி பறித்தார்களே, அப்போது ராஜசேகரன் அங்கேதான் நடந்துகொண்டிருந்தார். அவர் கழுத்திலும் ஐந்து சவரன் தொங்கியது. பைக்கில் வந்தவர்கள் அதைப் பார்க்கவேயில்லை. "பெருசு, ஓரமா நில்லு," என்று அவரைத் தள்ளி நிறுத்திவிட்டு, பின்னால் வந்த அம்மாளிடம் பறித்துக்கொண்டு போனார்கள். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சென்னீர்குப்பத்தில் நிலம் இருந்தவரை வரப்பில் அவர் குரல் கேட்டாலே ஆட்கள் நிமிர்வார்கள். அந்த நிலம் இப்போது ஒரு கிடங்கு. ஒரு திருடனுக்குக்கூடத் தாம் ஒரு பொருட்டில்லை என்ற நினைப்பு, பல்லில் மாட்டிய நார் போல அவரை விடாமல் உறுத்தியது.

"பிஸ்டல மேல்பக்கம் பின்னால இழுத்து வுட்டாதான் மொதல் குண்டு ஏறும். அதுக்கு கையில வலு வேணும்," என்று தமிழரசு ஊறுகாய் பாட்டிலை நீட்டினான். "இத தெற மாமா, பாப்போம்."

மூடி அசையவில்லை. ராஜசேகரனின் முகம் சிவந்தது. தாட்சாயிணி வந்து முந்தானையால் பிடித்து ஒரே திருகில் திறந்தாள்.

"லைசென்ஸ என் பேர்லயே போட்டுடுங்க."

ரிவால்வர் முடிவானது. சிக்காது என்பதுதான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். யாரால் ஆபத்து என்ற இடத்தில் நெடுநேரம் யோசித்தார். ஒரு பெயரும் வரவில்லை. கடைசியில் 'பலரால்' என்று எழுதினார்.

"பலர்னா யாரு? கேபிள்காரனா?" என்றாள் தாட்சாயிணி.

லைசென்ஸ் வருவதற்குள் கை பழக வேண்டாமா? தீபாவளிக்குப் பேரன் விட்டுப்போன ரிங் கேப் துப்பாக்கி இருந்தது. காற்றில் பறந்து மொட்டை மாடியில் விழுந்து கிடந்த நீல டி-சர்ட்டில் பழைய தலையணைப் பஞ்சைத் திணித்துக் கொடியில் தொங்கவிட்டார். தினமும் பதினோரு மணிக்கு, "எவன்டா அவன்" என்று கத்திக்கொண்டே படியேறி ஓடி, அதன் நெஞ்சில் எட்டு முறை வெடித்தார்.

நான்காம் நாள் எதிர் ஃபிளாட்டு பால்கனிக்குக் கிரண் வந்தான். கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினான்.

"அங்கிள், அது யாரு?"

"எதிரி, தம்பி."

"அவர் என்ன பண்ணாரு?"

"இன்னும் ஒண்ணும் பண்ல. பண்றதுக்கு முன்னாடியே சுட்டுடணும்."

கிரண் அந்தப் பொம்மையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "அங்கிள், ரிவால்வர், பிஸ்டல், ரெண்டுல எது நல்லது?"

எத்தனை வருடங்களுக்குப் பிறகு ஒருவன் அவரிடம் யோசனை கேட்கிறான். ராஜசேகரனின் குரலில் பழைய வரப்பு திரும்பி வந்தது. "நம்மள மாதிரி ஆளுக்கு ரிவால்வரே போதும். எடுத்தமா, சுட்டமான்னு இருக்கும்."

கிரண் அதைப் போனில் குறித்துக்கொண்டான். அன்று ராஜசேகரன் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை மனுவைக் கொடுத்தார். புதன்கிழமை காலையிலேயே விசாரணைக்கு ஏட்டு வீரராகவன் வந்துவிட்டார்.

"இவ்ளோ சீக்கிரமா?" ராஜசேகரன் சட்டையை மாற்றிக்கொண்டு ஓடிவந்து உட்கார்ந்தார்.

"உயிர் சமாச்சாரம் சார். தெனமும் சுடறீங்களாமே?"

"கரெக்டா பதினோரு மணிக்கு. ஒரு நாள் தவறாது."

"சின்னப் புள்ளைங்க வெடிக்கிற கேப்பு துப்பாக்கி," என்றாள் தாட்சாயிணி, காபியை வைத்தபடி.

"இப்பத்திக்கு அது. நெசமானது வருது," என்று ராஜசேகரன் அவசரமாகச் சொன்னார்.

"குறி எங்க வெப்பீங்க?"

"நெஞ்சுல."

"கோவம் வருமா?"

இல்லை என்றால் பயந்தவன் என்று எழுதிவிடுவார். "வந்தா நான் மனுசனா இருக்க மாட்டேன்."

"சட்னி இல்லன்னாகூட கோவப்படத் தெரியாது ஐயா இவருக்கு."

"நீ உள்ள போ." ராஜசேகரன் முன்னால் குனிந்தார். "எய்திக்கோங்க. ஒரு ஆள சுடறதுக்கு எனக்கு ஒரு நிமிசம் யோசன வேணாம்."

வீரராகவன் ஒன்றுவிடாமல் எழுதினார். கையெழுத்துக் கேட்டார். ராஜசேகரன் நிமிர்ந்து உட்கார்ந்து, நிலப் பத்திரத்தில் போட்ட அதே பெரிய கையெழுத்தைப் போட்டார்.

"எனக்கு லைசென்ஸ் எப்ப கெடைக்கும்?"

ஏட்டு காபியைக் குடித்து முடித்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"உங்க மனு இன்னும் எங்ககிட்ட வர்ல சார், இது எதிர் ஃபிளாட்டு கிரண் தம்பி மனு, அந்த நீல டி-சர்ட்டு அவுருதாம், யாரால ஆபத்துன்ற எடத்துல உங்க பேரப் போட்டு, நீங்க சொன்னதால ரிவால்வரே போதும்னு எய்திகீறாரு."